நிகழ்வும் தட்டும்: றொக் இசையின் நேரடிப் பதிவுகள் குறித்து ஒரு விசாரம்

ஒரு கலை நிகழ்வைப் பதிவுசெய்தல் அந்நிகழ்வைப் பேணுவதாகுமா, அன்றி அதன் இடத்தில் வேறொன்றை ஆக்கிவைப்பதாகுமா என்னும் வினா எல்லா இசைக்கும் பொதுவானது. எனினும் மேலைநாட்டு றொக் இசையைப் பொறுத்தவரை அது தனிக் கூர்மை பெறுகின்றது. றொக் இசைக்குழுவொன்றின் முதன்மைப் படைப்பு பெரும்பாலும் கலையகத்தில் ஆக்கப்பட்ட இசைத்தட்டேயாகும். கச்சேரி அத்தட்டிலுள்ளதை மேடையில் மீண்டும் நிகழ்த்துவது. அக்கச்சேரியைப் பதிந்து விற்கும் நேரடிப் பதிவுத்தட்டோ, இவ்வாறு நோக்குமிடத்து, பிரதியின் பிரதியாகின்றது. இருந்தும் 1960களின் பிற்பகுதி தொடக்கம் இத்தகைய தட்டுக்கள் இரசிகரிடையே பெருமதிப்புப் பெற்றுவந்துள்ளன. அதற்கு அவர்கள் கூறும் காரணம் ஒன்றே: கலையகத் தட்டில் இல்லாத உயிர்ப்பு இதில் உண்டு என்பர். அவ்வுயிர்ப்பு யாது, அது தட்டிலே தங்குமா, தங்காவிடின் தங்கியதாகக் காட்டுதல் நேர்மையாகுமா என்பன ஆராயத்தக்கவை.

1970ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி 'த ஹூ' என்னும் ஆங்கிலேய இசைக்குழு லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவு மண்டபத்திலே மாணவர் முன்னிலையில் வாசித்தது. அவ்விரவின் பதிவு 'லைவ் அட் லீட்ஸ்' என்னும் பெயருடன் அவ்வாண்டு மே மாதத்தில் வெளிவந்தது. முந்திய ஆண்டின் அமெரிக்கப் பயணத்திலே பதிவான நாடாக்கள் பல ஏற்கெனவே இருந்தன. அவற்றையெல்லாம் கேட்டுத் தெரிவுசெய்ய மனமின்றி எரித்துவிடச் செய்ததாகக் குழுவின் கிற்றார் கலைஞர் பீற்றர் ரவுன்ஷெண்ட் பின்னாளிற் கூறியுள்ளார். தட்டின் உறை, திருட்டுப் பதிவுகளின் உறையைப் போல, முத்திரையிட்ட வெறும் மண்ணிற அட்டை. தட்டின் நடுவே கையெழுத்தில் அமைந்த சீட்டிலே, கேட்கும் கரகரப்பு இருக்கவேண்டியதே, திருத்த வேண்டாம் என்னும் பொருள்பட ஒரு குறிப்பும் இருந்தது. குறையை மறையாது முன்வைத்த இச்செயல், நடந்தது இதுவே என்று கேட்போனுக்கு அளித்த ஒரு வாக்குறுதி எனலாம்.

ஆயின் அவ்வாக்குறுதி எவ்வளவு தூரம் நிறைவேறிற்று? கச்சேரி இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்டது. தட்டோ ஏறத்தாழ நாற்பது நிமிடத்தது. ஆறு பாடல்களே அதில் இடம்பெற்றன. மேடையில் நெடுநேரம் வாசிக்கப்பட்ட 'ரொமி' என்னும் இசைத்தொடர் அநேகமாக முழுவதும் விடப்பட்டது. 1995இல் வந்த விரிந்த பதிப்பிலே பாடல்கள் கூடின. கணினியின் துணையாற் கரகரப்பு நீக்கப்பட்டது. 2001இல் 'ரொமி'யும் சேர்ந்தது. ஆயின் கச்சேரியின் நடுவே வந்த அத்தொடர் தனித் தட்டாகப் பிரிக்கப்பட்டமையால் அன்றைய வரிசை குலைந்தது. மூன்று பதிப்புக்களுள் மிகக் குறைவாகத் தருவதே மிக நேர்மையானதாகத் தோன்றுவது ஒரு விநோதமாகும். திருத்தாதே என்று எழுதிவைத்தவர்களின் தட்டு பின்னர் திருத்தப்பட்டமை பற்றி அதிகம் பேசப்படாததும் அவ்வாறே.

உயிர்ப்பு என்பதன் ஒரு கூறு உடல் சார்ந்தது. 1976ஆம் ஆண்டு இலண்டனின் சார்ல்ரன் உதைபந்தாட்ட மைதானத்தில் இதே குழு நிகழ்த்திய கச்சேரியின் ஒலியளவு 32 மீற்றர் தூரத்தில் 126 டெசிபெல் என அளக்கப்பட்டு, கின்னஸ் சாதனை நூலிலும் இடம்பெற்றது. அவ்வளவு ஒலியைச் செவி மட்டும் ஏற்பதில்லை. நெஞ்சுக்கூடும் வயிறும் ஏற்கின்றன. வீட்டிலே தாழ்ந்த ஒலியிற் கேட்பவனுக்கு இது கிட்டாது என்பது வெளிப்படை. இதனினும் நுண்ணியதொரு செய்தி உண்டு. ஒலியளவு குறையக் குறைய மனிதச் செவி தாழ்சுரங்களை ஏனையவற்றினும் விரைவாக இழக்கின்றது என்பதனை பிளெச்சர், மன்சன் ஆகிய இருவர் 1933இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. எனவே மேடையொலியை அப்படியே பதிந்து மெதுவாக இசைப்பின், கேட்பது அதே இசையின் சிறிய வடிவமன்று. சுரங்களின் விகிதமே மாறிய வேறோர் இசை. ஒலிப்பதிவாளன் சமன்செய்யாவிடில் தட்டு பொய்யாகும். சமன்செய்தாலோ அது அவனது ஆக்கமாகும். ஒன்றும் செய்யாதிருத்தல் என்ற நிலை அவனுக்கு இல்லை.

ஆனால் உடல் சார்ந்த இக்கூறு சிக்கலின் வேர் அன்று. வலிய ஒலிபெருக்கிகள் இருப்பின் அதனை ஓரளவு ஈடுசெய்துவிடலாம். ஈடுசெய்ய முடியாதது பிறிதொன்று.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உரையிலே இளம்பூரணர், செயிற்றியம் என்னும் நூலின் கருத்தொன்றை எடுத்தாளுவர். நிகழ்த்துவோன் துய்த்த உணர்வு காண்போரைச் சென்று எய்துவதே மெய்ப்பாடு என்பது அதன் சாரம். உணர்வு பொருளிலே தங்கிக் கிடப்பதன்று, ஒருவரிடமிருந்து இன்னொருவரைச் சென்றடைவது என்னும் இவ்விளக்கம் றொக் கச்சேரிக்கு வெகுவாகப் பொருந்தும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே எய்துதல் இருவழிப்பட்டது. கூட்டத்தின் உணர்வும் மேடையைச் சென்று தாக்குகின்றது.

1966ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி மான்செஸ்ரர் நகரின் பிறீ ரிறேட் மண்டபத்திலே நடந்தது இதற்குத் தக்க சான்று. நாட்டார் பாடல் மரபில் வளர்ந்து புகழ்பெற்ற பொப் டிலன், கச்சேரியின் பிற்பகுதியில் மின் வாத்தியக் குழுவுடன் தோன்றினார். இதனைத் துரோகமாகக் கருதியோர் அவையிற் பலர் இருந்தனர். பாடல்களுக்கு இடைப்பட்ட மௌனத்திலே ஒருவர் 'யூதாஸ்' என்று உரக்கக் கூவினார். டிலன் சினந்து மறுமொழி கூறியபின் குழு இறுதிப் பாடலைத் தொடங்கிற்று. இப்பதிவு, இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்திற்குரியதென்ற தவறான பெயருடன் பல்லாண்டுகள் திருட்டுத் தட்டாக உலவி, 1998இலேயே முறையாக வெளிவந்தது. பகைமையும் பிடிவாதமும் இசையாக மாறுவதை இதிற் கேட்கலாம். நேரடிப் பதிவு உயிர்ப்பைப் பிடிக்கவல்லது என்போருக்கு இதனினும் வலிய ஆதாரம் கிடைத்தல் அரிது.

இருப்பினும் இத்தட்டை இரண்டாம் முறை கேட்பவனின் நிலை யாது? கூவல் வரப்போவது அவனுக்குத் தெரியும், அதற்காகக் காத்திருக்கின்றான். அன்று அந்த அவையில் எவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த கணத்தில் என்ன நிகழும், குழு நிலைகுலையுமா, அவை எழுந்து வெளியேறுமா என்பன எவருக்கும் தெரியா. கச்சேரியின் உயிர்ப்பு, தோல்வி நேரக்கூடும் என்ற இந்நிலையிலேயே பெரிதும் தங்கியுள்ளது. தட்டிலுள்ள ஒவ்வொரு கணமும் முடிந்த கணம். அது இனித் தோல்வியுற முடியாது. யந்திர மறுஉற்பத்தியால் கலைப்பொருளின் 'இங்கு, இப்பொழுது' என்னும் தனித்தன்மை தேய்கின்றது என்று வோல்ட்டர் பெஞ்சமின் 1930களில் நிழற்படத்தையும் திரைப்படத்தையும் கருதி எழுதியது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

தட்டு உயிர்ப்பைக் கொள்ளாது எனின் அது எதனைக் கொள்கின்றது? சான்றினை எனல் பொருந்தும். இன்ன நாளில் இன்னார் இவ்விடத்தில் இதனைச் செய்தனர் என்பதற்கு அது சாட்சி. சாட்சியிடம் முழுமையை எவரும் எதிர்பார்ப்பதில்லை, வாய்மையை எதிர்பார்ப்பர். நேரடித் தட்டுப் பற்றிய அறவியல் வினா இங்கேதான் பிறக்கின்றது.

பின்னர் கலையகத்திலே குரலையோ வாத்தியத்தையோ மீள இசைத்து முன்னைய பதிவின்மேல் ஏற்றுதல் இத்துறையில் நெடுங்கால வழக்கம். இதனை மேற்பதிவு எனலாம். 'கிஸ்' என்னும் அமெரிக்கக் குழுவின் முதல் மூன்று கலையகத் தட்டுக்களும் பெரிதாக விலைபோகவில்லை. 1975இல் வந்த 'அலைவ்' என்னும் நேரடித் தட்டே அவர்களை உயர்த்திற்று. கச்சேரியின் வேகத்தை முதன்முறையாகத் தந்தது எனப் புகழப்பட்ட அத்தட்டிலே மேற்பதிவுகள் இருந்தமை பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1978இல் வெளிவந்த 'தின் லிசி' குழுவின் 'லைவ் அன்ட் டேஞ்சரஸ்' தட்டின் முக்காற்பங்கு கலையகத்தில் ஆக்கப்பட்டது எனத் தயாரிப்பாளர் ரொனி விஸ்கொன்ரி கூற, குழுவினர் அதனை மறுத்தனர். மறுபுறம் 'டீப் பேர்ப்பிள்' குழுவின் 'மேட் இன் ஜப்பான்' மேற்பதிவு எதுவுமற்றது என்று குழுவினராற் கூறப்படுவது. ஆயின் 1972 ஓகஸ்ற் மாதத்தில் ஒசாகாவில் இரு இரவுகளும் ரோக்கியோவில் ஓரிரவும் பதிந்தவற்றிலிருந்து தெரிந்தெடுத்த ஏழு பாடல்கள் அதில் உள்ளன. அவ்வேழும் அவ்வரிசையில் எந்த ஓரிரவிலும் ஒலிக்கவில்லை.

இத்தட்டுக்களைச் செவியால் மட்டும் கேட்டு எது மெய், எது ஒட்டு எனப் பிரித்தறிதல் பயிற்சியுடையோர்க்கும் எளிதன்று. பிரித்தறிய முடியாத வேறுபாடு எங்ஙனம் பொருட்படுத்தத்தக்கது? கலைப்போலிகள் பற்றி 1968இல் ஆராய்ந்த நெல்சன் குட்மன் இதற்கொரு விடை தந்துள்ளார். மூல ஓவியத்துக்கும் போலிக்கும் இடையிலான வேறுபாடு இன்று கண்ணுக்குப் புலப்படாவிடினும், வேறுபாடு உண்டு என்னும் அறிவே இனிப் பார்க்கும் முறையை மாற்றிவிடுகின்றது என்பது அவர் வாதம். இசைத்தட்டுக்கும் இது பொருந்தும். ஒரு கடினமான உருப்படியை ஒருவர் ஆயிரக்கணக்கானோர் முன்னே தவறாது வாசித்தார் என்றறிந்து கேட்பதும், அது பத்தாம் முறை மீளப் பதிந்தது என்றறிந்து கேட்பதும் ஒரே கேள்வியாகா. முன்னையது ஒரு செயலைக் கேட்டல். பின்னையது ஒரு பொருளைக் கேட்டல். மேற்பதிவு அழிப்பது சுரத்தையன்று. அச்சுரம் பிழைத்திருக்கக்கூடும் என்பதனையே.

இதற்குத் தடையும் உண்டு. 1964இல் மேடையை முற்றாகத் துறந்த கனடிய பியானோக் கலைஞர் கிளென் கூல்ட், கலைஞன் தடுமாறுவானோ என்று பார்த்திருக்கும் அவையின் ஆவலைக் குருதி விளையாட்டுக் காண்போரின் ஆவலோடு ஒப்பிட்டவர். கலையகத்திலே வெட்டியும் ஒட்டியும் ஆக்குவதில் அவர் இழுக்கெதனையும் காணவில்லை. அவர் நிலைப்பாடு மதிக்கத்தக்கது. ஆனால் கூல்ட் தம் கலையக ஆக்கங்களைக் கச்சேரி என்று பெயரிட்டு விற்றாரல்லர். பிழை ஒட்டுதலில் இல்லை. ஒட்டியதை ஓரிரவின் சாட்சியாக நிறுத்துவதிலேயே உள்ளது.

சில வேளைகளில் திருத்தமே மெய்யை நெருங்குவதாகத் தோன்றும். பீற்றில்ஸ் குழுவினர் 1964இலும் 1965இலும் ஹொலிவூட் போல் அரங்கிலே வாசித்தபோது இரசிகரின் கூக்குரலால் தம் வாத்தியம் தமக்கே கேளாத நிலை இருந்தது. அப்பதிவுகள் 1977இலேயே வெளியிடப்பட்டன. 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலே கணினி நுட்பத்தால் கூக்குரல் தாழ்த்தப்பட்டு இசை துலக்கப்பட்டது. இதனால் அன்று அரங்கிலிருந்த எவரினும் இன்றைய கேட்போன் இசையை நன்கு கேட்கின்றான். அவன் கேட்பது எவரும் கேளாத கச்சேரி. கூவுவதற்கென்றே வந்த அப்பெண்களின் குரல் இரைச்சலன்று, நிகழ்வின் பாதி என்று கொள்ளின், நீக்கப்பட்டது எது என்பது புலனாகும்.

'கிறேற்புல் டெட்' என்னும் கலிபோர்னியக் குழு இதற்கு மாறான வழியிற் சென்றது. இரசிகர்கள் கச்சேரிகளைத் தாமே பதிந்து, இலாபம் கருதாது பரிமாற அக்குழு இடமளித்தது; 1984 முதல் அவர்களுக்கெனத் தனி இடமும் ஒதுக்கப்பட்டது. அந்நாடாக்களிலே அருகிலிருந்தவரின் பேச்சும் இருமலும் கலந்துள்ளன. ஓரிரவின் நலிவும் சோர்வும்கூடப் பதிந்துள்ளன. ஆயினும் இங்கும் ஒரு முரண் தோன்றியது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பாட்டன் மண்டபத்தில் 1977 மே 8ஆம் திகதி நடந்த கச்சேரி அக்குழுவின் தலைசிறந்தவற்றுள் ஒன்றென மதிக்கப்பட்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011ஆம் ஆண்டுக்குரிய தெரிவுகளுள் ஒன்றாயிற்று. அப்புகழைப் பரப்பியவை குழுவின் சொந்த ஒலிப்பதிவாளரான பெட்டி கன்ரர்-ஜக்சன் எடுத்த தெளிவான நாடாக்கள். அவ்விரவு உண்மையிற் சிறந்ததா, நன்கு பதிவானமையாற் சிறந்ததாயிற்றா என்பது அக்குழுவின் அபிமானிகளிடையே இன்றும் தீராத வழக்கு.

லீட்ஸ் கச்சேரிக்கு மறுநாள், 1970 பெப்ரவரி 15ஆம் திகதி, 'த ஹூ' குழுவினர் ஹல் நகர மண்டபத்தில் வாசித்தனர். அதுவும் பதியப்பட்டது. ஆனால் தொடக்கப் பாடல்கள் சிலவற்றில் ஜோன் என்ட்விசிலின் பேஸ் கிற்றார் நாடாவில் ஏறவில்லை. அப்பதிவு நாற்பதாண்டுகள் கிடப்பிலிருந்தது. 2010இல் அதனை வெளியிட்டபோது அப்பாடல்களுக்கு முதல்நாள் லீட்ஸில் அவர் வாசித்ததையே எடுத்து, காலம் பொருத்தி இணைத்தனர். என்ட்விசில் 2002இலேயே மறைந்துவிட்டார். அவரோடு மேளம் வாசித்த கீத் மூன் 1978இல் மறைந்தார். இணைக்கப்பட்ட செய்தி மறைக்கப்படவுமில்லை. ஒரே மனிதர், ஒரே பாடல்கள், ஓரிரவு இடைவெளி. இதனைப் பொய் எனல் கடினம். அதே வேளை ஹல் இரவின் மேளத்துக்கு அவ்விரவிலே ஈடுகொடுத்த விரல்கள் அத்தட்டில் இல்லை. அவை அன்று என்ன செய்தன என்பதை மண்டபத்திலிருந்தோர் மட்டுமே கேட்டனர்.