டீச்சரின் கோபம் எங்கிருந்து வருகிறது?

மலாயாவில் 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணி எனப்படும் எழுத்தரோதான் வாத்தியார். சி ரூசா, போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் இன்று பால்மரம் குறைந்து செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. அதனால் தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் ஒரு பள்ளி ‘குறைந்த மாணவர் பள்ளி’. முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு வகுப்பை ஒன்றாக்கிப் பாடம் நடத்த வேண்டியதுதான்.

பிள்ளைகள் குறைந்தாலும் பாரங்கள் குறைவதில்லை. பாடநூல், விளையாட்டு, இணைப்பாடம், கட்டொழுங்கு என்று பெரிய பள்ளியில் நாற்பது பேர் பகிரும் பொறுப்புகளை இங்கே ஏழெட்டுப் பேர் சுமக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: “நாளைக் காலைக்குள் பதிவேற்றவும்.” மறுநாள் வாய்ப்பாடு மறந்த பையன் மேல் எரிந்து விழுகிறார் டீச்சர். ‘அவர் சுபாவமே அப்படி’ என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறோம். அதில் பாதி சுபாவமல்ல, தூக்கமின்மை.

சின்னப் பள்ளியில் தலைமையாசிரியரின் பேச்சுக்கு எடை அதிகம். ஆறு பேர் உட்காரும் அறையில் ஒருவரைக் கூட்டத்தில் வைத்துக் கடிந்துகொண்டால், வாரம் முழுக்க யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சோர்ந்தவர்கள் வெளியேற வழியும் உண்டு: மலேசியாவில் நாற்பது வயதிலேயே ஆசிரியர் விருப்ப ஓய்வு கேட்கலாம். கேட்கிறவர்களில் பலர் எழுதும் காரணம், ‘ஆர்வம் போய்விட்டது.’ மே 16 ஆசிரியர் தினத்தில் கேக் வெட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், அந்த இரவு நேரச் செய்திகளை நிறுத்தச் சொல்லியும் கேட்கலாமே.