பார்க்கப்படாத பெயர்

கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காள் மகன் அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். பகல் ஷிப்டு முடிந்து வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். பைத்தான் கற்றுக்கொள்கிறானாம். 1991-ல் கைடோ வான் ராசம் என்ற டச்சுக்காரர் வெளியிட்ட கணினி மொழி அது. பெயரில் பாம்பு இருந்தாலும், அவர் மனத்தில் இருந்தது ‘மாண்ட்டி பைத்தான்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சிதான்.

“மாமா, இங்கே வாங்க. இந்த மிஷின் தப்பாச் சொல்லுது” என்று கூப்பிட்டான்.

கூட வேலை செய்யும் ஐந்து பேரின் பெயர்களைப் பட்டியலாக எழுதியிருந்தான். பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக ஒரு ‘லூப்’. வேலைக்கு வராதவர் என்றால் பெயரை நீக்கிவிட வேண்டும். இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அன்று வரவில்லை. ஆனால் முடிவில் இரண்டாவது பெயர் மட்டுமே போயிருந்தது. மூன்றாவது பெயர் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, காகிதத்தில் எழுதிப் பார்த்து அவனே கண்டுபிடித்தான். இயந்திரம் ஆளைக் கணக்கு வைப்பதில்லை. இடத்தைத்தான் கணக்கு வைக்கிறது. இரண்டாவது பெயரை நீக்கியதும் மூன்றாவது பெயர் முன்னே நகர்ந்து அந்தக் காலி இடத்துக்கு வந்துவிட்டது. இயந்திரமோ, ‘இரண்டாவது இடம் முடிந்தது’ என்று மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. அங்கே நின்றவர் நான்காவது ஆள். நடுவில் ஒருவரை அது பார்க்கவே இல்லை.

“நடந்துகிட்டே நீக்கக் கூடாது மாமா. இருக்க வேண்டியவங்களைத் தனியா வேற பட்டியல்ல சேர்க்கணும்” என்றான். தப்பு இயந்திரத்துடையது அல்ல என்று அவனுக்கு அப்போது புரிந்துவிட்டது.

மறுநாள் அவனுக்கு விடுமுறை. இருவரும் பழவேற்காட்டுக்குப் போனோம். அந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. மீனும் இறாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. அதனால் சில குப்பங்களைச் சேர்ந்த மீனவர்கள், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளைக்கு அதை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வலியவன் என்றும் எளியவன் என்றும் பார்க்காமல் முறை சுற்றி வரும்.

“இதுவும் லூப்புதான் மாமா!” என்றான் பையன், மகிழ்ச்சியோடு.

உண்மைதான். ஆனால் அந்த முறைக்கு ஒரு பட்டியலும் உண்டு. அதில் இடம் உள்ளவர்களுக்குத்தான் முறை வரும். பிற்காலத்தில் வேறு சமூகத்தாரும் வேறு ஊராரும் வயிற்றுப் பிழைப்புக்காக அந்த ஏரியில் இறங்கினார்கள். தங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள், தகராறுகளும் வந்தன. எல்லாரையும் விட்டால் ஏரி தாங்குமா என்ற பழையவர்களின் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குள் எத்தனை நேர்மையாகச் சுற்றினாலும், வெளியே நிற்பவனின் பசிக்கு அந்தச் சுற்று பதில் சொல்லாது. பதில் சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் எழுதியவர்கள்.

திரும்பி வரும்போது எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்து உறுத்தியது. என் தங்கையின் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அனுப்பும் பொறுப்பு என்னுடையது. பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறைகளில் முகவரி எழுதிக்கொண்டு வந்தேன். நடுவில் ஓர் உறவினரின் பெயர் வந்தது. அவரோடு எனக்கு மனஸ்தாபம். கோபமாக அந்தப் பெயரை அடித்தேன். அடித்த வேகத்தில், அதற்கு அடுத்த பெயருக்கு உறை எழுதாமலேயே தாண்டிப் போய்விட்டேன். அது, எங்களைச் சிறுவயதில் மடியில் வைத்து வளர்த்த ஒரு விதவை அத்தையின் பெயர்.

அடிபட்டவருக்காவது என் கோபம் என்ற காரணம் இருந்தது. அத்தைக்கு என்ன காரணம் இருந்தது? அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் காலமாகிவிட்டார்.

வேண்டுமென்று ஒதுக்குவதைப் பாவம் என்கிறோம். கவனிக்காமல் விட்டதை மறதி என்று சொல்லி நம்மை நாமே மன்னித்துக்கொள்கிறோம். ஆனால் அந்த மறதி எங்கிருந்து வந்தது? ஒருவரை வெட்டித் தள்ளும் வேகத்தில் அவர் பக்கத்தில் நின்றவரை நம் கண் பார்க்கவில்லை. அந்த வேகம் நம்முடையதுதானே?

இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது. பையன் தெரிந்துகொண்டான்; காகிதத்தில் எழுதிப் பார்த்துத் திருத்திவிட்டான். என் பட்டியலில் விடுபட்டவருக்கு இனி நான் எந்த உறையில் முகவரி எழுதுவது?