வழிவிட வேண்டியவர் யார்?

வலியவன் எளியவனுக்கு வழிவிடுவதே நியாயம் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இலண்டன் மாநகரின் ஊடே ஓடும் தேம்ஸ் நதியிலோ, சிறு படகே பெருங்கலத்திற்கு ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்பது முறை. இது எளியவனுக்கு இழைக்கப்படும் அநீதியா? சற்றே சிந்திப்போம்.

இங்கிலாந்தின் கால்வாய்களில் 'நேரோபோட்' எனும் ஒடுங்கிய படகுகள் உள்ளன. அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. நீளமோ சிலவற்றில் எழுபது அடி. குறுகிய மதகுகளுள் நுழைவதற்கென்றே அமைந்த வடிவம் இது. முன்னர் நிலக்கரி சுமந்த இவ்வகைப் படகுகளை இன்று பலர் வீடாகவே கொண்டு வாழ்கின்றனர். கால்வாயில் மணிக்கு நான்கு மைலுக்கு மேல் செல்லலாகாது. அங்கே அலையும் பெரிதாக இல்லை. அத்தகைய படகு, 1820இல் திறக்கப்பட்ட லைம்ஹவுஸ் துறையின் மதகைக் கடந்து தேம்ஸில் இறங்கி, மேற்கே பிரென்ட்போர்டில் மீண்டும் கால்வாயை அடைய வேண்டுமாயின், மாநகரின் நெஞ்சைப் பிளந்து செல்லும் நதியிலேயே போயாக வேண்டும்.

அந்நதி கடலுக்குக் கட்டுப்பட்டது. டெடிங்டன் வரை ஓதம் ஏறுகிறது. நாளும் இருமுறை ஏறி, இருமுறை இறங்குகிறது. இலண்டன் பாலத்தருகே இந்த ஏற்ற இறக்கத்தின் வேறுபாடு ஏழு மீட்டர் வரை செல்லும். ஆதலால் படகோட்டி ஓதம் ஏறும் வேளைக்குக் காத்திருந்து, அதன் போக்கிலேயே மேற்கே போகிறான். விரைந்தோடும் பயணியர் கலங்கள் எழுப்பும் அலை, தட்டையான அடி கொண்ட அவனது படகைப் புரட்டி ஆட்டுகிறது. 13.7 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில் வானொலிக் கருவி கட்டாயம். பாலத்தில் பழுது பார்ப்பதால் வளைவின் கீழ் உயரம் குறைந்திருப்பின், அங்கே ஒரு வைக்கோல் கட்டைத் தொங்கவிட வேண்டும் என்பது பழைய விதி. 2023இல் மிலேனியம் பாலத்திலும் அவ்வாறே தொங்கவிட்டனர். வழியைக் குறுக்குகிறவன் அதை அறிவிக்கவும் கடமைப்பட்டவன் என்னும் இவ்விதி நமக்கு மிகவும் பிடித்தது.

இனி நமது வினாவுக்கு வருவோம். பெருங்கலம் ஆழமான நடுவழியை விட்டு விலகினால் தரைதட்டும். நினைத்தவுடன் நிற்கவும் அதனால் இயலாது. நேரோபோட்டுக்கோ இரண்டு மூன்றடி நீர் போதும். அது ஓரமாய்ப் போகலாம். ஆகவே ஒதுங்கும் கடமை, சிறியவன் என்பதற்காக அன்று, ஒதுங்க இயன்றவன் என்பதற்காகவே அவன்மீது விழுகிறது. அரபியில் 'ஹக்கு' என்னும் ஒரே சொல் உரிமையையும் கடமையையும் குறிக்கும். 'லஹு' என்று சேர்த்தால் அவனுக்குரிய உரிமை. 'அலைஹி' என்று சேர்த்தால் அவன்மீதுள்ள கடமை. இடைச்சொல் ஒன்று மாறப் பொருளே திசை மாறுகிறது. நதியில் ஒருவனுக்குள்ள ஹக்கு மற்றவன்மீதுள்ள ஹக்காகவே நிலைபெறுகிறது.

ஆனால், வழி கிடைத்துவிட்டதால் பெருங்கலத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? தான் எழுப்பும் அலைக்கு அது பொறுப்பேற்க வேண்டும். எதிரில் இருப்பதைக் காணவும் வேண்டும். ஒதுங்க இயலாதவனுக்கும் கண் உண்டல்லவா? முந்திச் செல்லும் கலமே விலகிச் செல்ல வேண்டும் என்று கடல்விதியும் கூறுகிறது. 1989 ஆகஸ்ட் 20ஆம் நாள் பின்னிரவில், பிறந்தநாள் விருந்தினரை ஏற்றிச் சென்ற மார்ச்சியனஸ் என்னும் இன்பப் படகின்மீது, பின்னால் வந்த போபெல் என்னும் மணல்வாரிக் கலம் மோதியது. ஐம்பத்தொரு உயிர்கள் நதியில் போயின. மணல்வாரியைச் செலுத்தியவருக்கு முன்புறம் சரியாகத் தெரியவில்லை. சிறியதைச் செலுத்தியவருக்குப் பின்புறம் தெரியவில்லை. இரு கலங்களிலும் கண்காணிப்புக் குறைவாய் இருந்ததென 2001இல் விசாரணை அறிக்கை கூறியது. சட்டம் எவ்வளவு தெளிவாக இருந்தும், பார்ப்பவர் இல்லாவிட்டால் அது காகிதத்திலேயே கிடக்கிறது.

அதன் பின்னர், 2002இல் தேம்ஸில் நான்கு உயிர்காப்புப் படகு நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. லைம்ஹவுஸிலிருந்து ஓதத்தோடு புறப்படும் நேரோபோட், பிரென்ட்போர்டை அடையுமுன் அவற்றுள் இரண்டைக் கடந்து செல்கிறது.