ஒன்பதாவது ஆளின் வாக்கு

'டுவெல்வ் ஆங்ரி மென்' படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் எட்டாம் எண் ஜூரரைப் பற்றியே பேசுவார்கள். பதினொரு பேர் குற்றவாளி என்று கைதூக்கிய அறையில் ஹென்றி ஃபோண்டா மட்டும் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறார். தகப்பனைக் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட 18 வயதுப் பையன் ஒருவன். தீர்ப்பு பாதகமானால் மின்சார நாற்காலி. தனி மனிதரின் மனசாட்சி கூட்டத்தை வென்ற கதை என்று இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கதையின் போக்கை நிதானமாகக் கவனித்தால், பையனின் உயிர் நின்றது வேறொருவரின் கையில் என்பது தெரியும்.

முதல் வாக்கெடுப்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் வாதம் நடக்கிறது. யாரும் அசைவதாக இல்லை. அப்போது எட்டாமவர் ஒரு யோசனை சொல்கிறார்: மற்ற பதினொரு பேரும் ரகசியமாகச் சீட்டில் எழுதட்டும், நான் எழுதவில்லை, பதினொன்றும் குற்றவாளி என்றே வந்தால் நானும் உங்களோடு சேர்ந்துவிடுகிறேன். சீட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. ஒன்றில் மட்டும் 'குற்றவாளி இல்லை' என்றிருக்கிறது. எழுதியவர் ஒன்பதாம் எண் ஜூரர், அங்கிருப்பவர்களிலேயே வயதானவர். அவருக்கும் பையன் அநேகமாகக் கொலை செய்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் ஒருவர் இத்தனை பேரை எதிர்த்துத் தனியாக நிற்கும்போது அவர் சொல்வதை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்கிறார். அந்தக் கிழவர் ஒரு நிமிடம் சோர்ந்திருந்தால் நாயகன் தன் வாயாலேயே தோற்றிருப்பார்.

ரெஜினால்ட் ரோஸ் இதை முதலில் தொலைக்காட்சி நாடகமாகத்தான் எழுதினார். நியூயார்க்கில் ஓர் ஆள்கொலை (manslaughter) வழக்கில் தாமே ஜூரராக உட்கார்ந்த அனுபவம்தான் விதை. 1954 செப்டம்பரில் சி.பி.எஸ். அதை ஒளிபரப்பியது. 1957இல் சிட்னி லூமெட் தம் முதல் திரைப்படமாக எடுத்தபோது, நாடகத்தில் நடித்தவர்களில் இருவர் மட்டும் அதே பாத்திரங்களில் திரும்ப வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜோசப் ஸ்வீனி. ஒன்பதாமவர்.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. குற்றம் நடந்திருக்கும் என்று நினைக்கிற ஒருவர் 'குற்றவாளி இல்லை' என்று எழுதலாமா? அது பொய் இல்லையா? அதேபோல், மனதில் சந்தேகம் இருக்கிற எட்டாமவர், மற்றவர்களுக்கு இல்லை என்பதற்காக அதைக் கைவிடச் சம்மதிக்கலாமா?

'நியாயமான சந்தேகம்' என்ற விதி எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்த யேல் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் விட்மன் 2008இல் வெளியிட்ட நூலில் வியப்பூட்டும் விடை ஒன்றைத் தருகிறார். அந்த விதி முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைக் காக்கப் பிறந்ததல்ல. தீர்ப்பளிப்பவரின் ஆன்மாவைக் காக்கப் பிறந்தது என்பது அவர் வாதம். நிரபராதியைத் தூக்கில் போட்டவர் நரகத்துக்குப் போவார் என்று கிறிஸ்தவ ஐரோப்பா நம்பியது. சந்தேகம் வந்தால் பாவம் நேராத பாதையை எடு என்றது அன்றைய இறையியல். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்று இன்று நாம் செய்தித்தாளில் படிக்கும் வரிக்குப் பின்னால் அந்தப் பழைய நடுக்கம் இருக்கிறது.

அந்த அளவுகோலை வைத்தால் எட்டாமவரின் பேரம் தவறுதான். தன் சந்தேகத்தைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை இல்லை. பணயமானது இன்னொருவனின் உயிர். கிழவர் எழுதியதில் பொய்யே இல்லை. 'குற்றவாளி' என்று எழுத, அநேகமாகச் செய்திருப்பான் என்ற எண்ணம் போதாது. சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். இன்னும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றுதானே பொருள்?

இந்த இரண்டாவது ஆள் எவ்வளவு முக்கியம் என்பதை, நாடகம் எழுதப்பட்ட அதே காலத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலை. உடன் இருப்பவர்கள் எல்லோரும் முன்பே பேசிவைத்தபடி தவறான விடையைச் சொல்ல, சோதனைக்கு வந்தவர் கண்ணெதிரே தெரிவதை மறுத்து, சராசரியாக மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு போனார். ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் அந்தத் தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. இதைவிட முக்கியமானது இன்னொன்று: அந்த ஒருவர் கூட்டத்தைவிடப் பெரிய தவறான விடையைச் சொன்னபோதும் சோதனைக்கு வந்தவருக்குத் தைரியம் வந்தது. துணைக்கு வருபவர் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒருமித்த குரல் உடைந்தால் போதும்.

நிஜ ஜூரி அறைகள் இந்த அளவுக்கு இரக்கம் காட்டுவதில்லை. ஹாரி கால்வன், ஹான்ஸ் ஸைஸல் இருவரும் 1966இல் வெளியிட்ட 'தி அமெரிக்கன் ஜூரி' நூலில் 225 வழக்குகளின் முதல் வாக்கெடுப்பை ஆராய்ந்தார்கள். முதலில் எந்தப் பக்கம் பெரும்பான்மையோ, பத்தில் ஒன்பது வழக்குகளில் அதுவே தீர்ப்பும் ஆனது. ஒருவர் பதினொரு பேரை மாற்றுவது பெரும்பாலும் திரையில் நடப்பது.

தப்பெண்ணத்தைப் பற்றியும் படம் நமக்கு ஓர் ஆறுதல் தருகிறது. எட் பெக்லி நடித்த பத்தாமவர் 'அந்த ஜனங்களே இப்படித்தான்' என்ற ரீதியில் கத்தத் தொடங்கியதும், ஒவ்வொருவராக மேசையை விட்டு எழுந்து முதுகைக் காட்டுகிறார்கள். பார்ப்பவரின் மனம் நிறைகிறது. கடைசியில் அவர் வாயை அடைப்பவர் நாலாமவர், பதற்றமே இல்லாத பங்குத் தரகர். ஆனால் படத்தின் முற்பகுதியில், சேரிகள் குற்றவாளிகளை உருவாக்கும் இடங்கள் என்று நிதானமான குரலில் சொன்னவரும் இதே நாலாமவர்தான். அப்போது சேரியில் வளர்ந்த ஐந்தாமவர் மட்டும் துடித்துப்போகிறார். மற்றவர்கள் முதுகு காட்டவில்லை. கத்திச் சொல்லப்படும் வெறுப்பைவிட, பொது அறிவு போலச் சொல்லப்படும் வெறுப்பு அபாயமானது. அதை எதிர்த்து எழுந்திருக்க யாருக்கும் தோன்றாது.

பையன் எந்த இனத்தவன் என்று படம் சொல்வதே இல்லை. அதனால்தான் கதை நாடு நாடாகப் போக முடிந்தது. 1986இல் பாசு சாட்டர்ஜி 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' எடுத்தபோது இந்தியாவில் ஜூரி முறையே ஒழிந்துபோயிருந்தது. ஆனாலும் அந்த அறை இந்தியர்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. நிகிதா மிகல்கோவின் 2007 ரஷ்யப் படத்தில் கூண்டில் நிற்பவன் செச்சென் இளைஞன்.

நிஜத்தில் பத்தாமவர் பேசினால் என்ன ஆகும்? கொலராடோவில் ஒரு வழக்கு. தண்டனைத் தீர்ப்பு சொல்லி முடித்த பிறகு இரண்டு ஜூரர்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: குற்றம் சாட்டப்பட்டவர் மெக்ஸிகோக்காரர் என்பதாலேயே செய்திருப்பார் என்று இன்னொரு ஜூரர் உள்ளே வாதாடினார். கேட்டவர்களும் அதே தீர்ப்பில்தான் சேர்ந்திருந்தார்கள். அறைக்குள் நடந்ததை வெளியே கொண்டுவரக் கூடாது என்ற பழைய விதிக்கு, இனவெறுப்பு வெளிப்படையாகப் பேசப்பட்டால் விலக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் 5க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. வெளிப்படையாகப் பேசிய பத்தாமவருக்கு இப்போது சட்டத்தில் விடை இருக்கிறது. நாலாமவருக்கு இல்லை.

இனவெறுப்பு செயல்பட லூசியானா மாநிலம் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தது. அங்கே கறுப்பின ஜூரர்களை உள்ளே விட்டுவிட்டு அவர்கள் வாக்கை மட்டும் செல்லாக்காசாக்கினார்கள். வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்டவே கூட்டப்பட்ட 1898ஆம் ஆண்டு அரசியல் சட்ட மாநாட்டில், கடும் குற்ற வழக்குகளில் 12 பேரில் 9 பேர் சொன்னாலே தண்டனை என்று வைத்தார்கள். பின்னாளில் அது 10 ஆனது. மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் ஏகமனதான தீர்ப்பு தேவைப்பட்டது. கிழவரின் சீட்டைப் பிரித்தபோது கணக்கு 10க்கு 2. பையன் மேல் இருந்தது மரண தண்டனைக்கு இடமில்லாத வழக்காக இருந்து, ஊரும் லூசியானாவாக இருந்திருந்தால், படம் அங்கேயே முடிந்திருக்கும்.

எவாஞ்சலிஸ்டோ ராமோஸின் வழக்கு அப்படித்தான் முடிந்தது. நியூ ஆர்லியன்ஸில் 10க்கு 2 என்ற கணக்கில் கொலைக் குற்றவாளி ஆனார். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2020 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில், ஏகமனதான தீர்ப்பு எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயம் என்று அறிவித்தது. 2023இல் மறுவிசாரணை நடந்தது. இம்முறை பன்னிரண்டு பேரும் குற்றவாளி இல்லை என்றார்கள்.

அதற்கு முன்பே, 2021இல், மேல்முறையீடு எல்லாம் முடிந்துபோன பழைய வழக்குகளுக்கு இந்த விதி பின்னோக்கிப் பொருந்தாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதே முறையைப் பின்பற்றிவந்த ஓரிகன், மாநில அளவில் அந்தப் பழைய வழக்குகளுக்கும் வழி திறந்தது. லூசியானா திறக்கவில்லை. அப்படித் தண்டிக்கப்பட்டு அங்கே சிறையில் இருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் ஒவ்வொருவருடைய வழக்கிலும் ஒருவராவது 'இல்லை' என்று சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.