நூற்றெண்பது நாட்கள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்தப் பாத்திரத்துக்கு எது எப்போது தெரியவேண்டும் என்பதை அவனே தீர்மானித்துக் கொள்ளலாம். வாழ்க்கையில் அந்தச் சௌகரியம் யாருக்கு இருக்கிறது? சம்பளப் பட்டியல் எழுதுகிறவர்களுக்கு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லில்லி லெட்பெட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வழக்கைப் படித்தது முதல் இந்த எண்ணம் என்னை விடவில்லை. அலபாமா மாநிலத்தில் காட்ஸ்டன் என்ற ஊரிலுள்ள குட்இயர் டயர்த் தொழிற்சாலையில் 1979 முதல் 1998 வரை மேற்பார்வை வேலை பார்த்தவர் அவர். சம்பளத்தைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வேலையிலிருந்து ஓயும் தறுவாயில், அவருடைய தபால் பெட்டியில் யாரோ ஒரு துண்டுச் சீட்டைப் போட்டு வைத்தார்கள். அதில் அவருடைய சம்பளமும், அதே வேலை பார்த்த சில ஆண்களின் சம்பளமும் இருந்தன. 1997 முடிவில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியிலிருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. அதிகமாக வாங்கியவருக்கு 5,236.

சீட்டை எழுதியவர் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. சாட்சிக்கும் அதே முதலாளிதானே படியளக்கிறான்?

அந்த அம்மையார் கோர்ட்டுக்குப் போனார். ஜூரிகள் முப்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள்; சட்டத்தின் உச்சவரம்பு அதை 3,60,000 ஆக்கியது. அதுவும் கைக்கு வரவில்லை. 2007இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வழக்கைத் தள்ளிவிட்டது. சம்பளத்தைப் பாரபட்சமாக நிர்ணயித்தால், அப்படி நிர்ணயித்த 180 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம்!

உறங்குகிறவனுக்குச் சட்டம் உதவாது என்பார்கள் வக்கீல்கள். சரி, கண்ணைக் கட்டி உட்கார்த்தி வைத்தவளை உறங்கினாள் என்று எப்படிச் சொல்வது?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டேன். அவருடைய வேலையைக் குறைத்து மதிப்பிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட மேலதிகாரி, விசாரணையின்போது உயிரோடில்லை. இறந்தவர் எழுந்துவந்து பதில் சொல்ல முடியாது. வழக்குகளுக்குக் கால வரம்பு வேண்டும்தான். ஆனால் ரகசியத்தைக் காத்தவரே, அந்த ரகசியத்தினால் கழிந்த காலத்தைத் தமக்குக் கேடயமாக்கிக் கொள்ளலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தம்முடைய மாறுபட்ட கருத்தை மன்றத்திலேயே வாய்விட்டுப் படித்தார். வித்தியாசம் முதலில் சிறிதாகத்தான் இருக்கும், ஆண்கள் நிறைந்த இடத்துக்குப் புதிதாக வந்த பெண் அதற்காக மல்லுக்கு நிற்கத் தயங்குவாள் என்பது அவர் வாதத்தின் சாரம். சட்டப் புத்தகத்தைவிட இதில் மனித சுபாவம் அதிகம் தெரிகிறது. புது வேலை, அந்த வேலையை நம்பி ஒரு குடும்பம். சந்தேகம் தட்டினாலும் ‘போகட்டும்’ என்றுதான் யாரும் இருப்பார்கள். கையில் ஆதாரம் இல்லாமல் புகார் செய்தால் வம்புக்காரி என்ற பெயர். ஆதாரம் சேரும்வரை பொறுத்திருந்தாலோ, கெடு தவறிவிடுகிறது.

2009 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. பாரபட்சமான சம்பளம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கெடு புதிதாகத் தொடங்கும். அந்தச் சட்டத்துக்கு லெட்பெட்டரின் பெயரையே வைத்தார்கள். 2024இல் அவர் காலமானார். தம் பெயர் தாங்கிய சட்டத்தினால் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ஓய்வூதியமும் அந்தக் குறைந்த சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டதுதான்.