அவனுக்கு மட்டும் ஏன்?

ஆண்டுக்கு இரண்டு முறை இந்தச் செய்தி வரும். ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று. மத்திய அரசு அகவிலைப்படியை இரண்டோ மூன்றோ சதவீதம் உயர்த்தும். கொஞ்ச நாள் கழித்துத் தமிழக அரசும் அறிவிக்கும். அரசு ஊழியர்களின் வாட்ஸப் குழுக்களில் அரசாணையின் பிடிஎஃப் சுற்றும். "அரியர் எப்போ கிரெடிட் ஆகும்?" என்ற கேள்வி பின்னாலேயே வரும். அதே நாளில் டீக்கடையில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் வேறொரு கேள்வி காதில் விழும்: "இவங்களுக்கு மட்டும் ஏன்பா இப்படி அள்ளி அள்ளிக் குடுக்குறாங்க?"

இந்த இரண்டாவது கேள்வியை "வயித்தெரிச்சல்" என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் கேட்பவர் யார் என்று பார்த்தால் அப்படி ஒதுக்க மனம் வராது. தனியார் பள்ளியில் அதே பாடத்தை அதே வகுப்புக்கு நடத்தி, அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு வாங்குகிற ஒருத்தி. மழையில் வண்டியோடு விழுந்தால் அன்றைய வருமானம் போய்விடுகிற டெலிவரிப் பையன். நான்காவது முறையாக டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர். இவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சிக்கல், அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதுதான். "அவனுக்கு ஏன் இருக்கு?" என்பது ஒன்று. "எனக்கு ஏன் இல்லை?" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆதங்கத்தில் பிறந்தவை, போய்ச் சேரும் இடம் வேறு. முதல் கேள்விக்கு அவனிடம் இருப்பதைப் பிடுங்கிவிட்டாலே பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்கு எனக்கு ஏதாவது கிடைத்தால்தான் பதில்.

டெரக் பார்ஃபிட் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி சமத்துவத்தைப் பற்றி யோசிக்கும்போது இந்த இடத்தில் நின்று பார்க்கிறார். ஏற்றத்தாழ்வு என்பதே கெடுதல் என்றால், எல்லோரும் பார்வை இழந்துவிட்டாலும் அது ஒரு விதத்தில் முன்னேற்றம் என்றல்லவா சொல்ல வேண்டிவரும்? பார்வையற்றவருக்கு அதில் என்ன கிடைத்தது? 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டி அகவிலைப்படி உயர்வை நிறுத்திவைத்தார்கள். "சரியான வேலை" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருடைய சம்பளமும் அதனால் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

அகவிலைப்படி என்பது சம்பள உயர்வும் இல்லை. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏற ஏற, அதற்கு ஈடாகக் கொடுப்பது. கொடுக்காவிட்டால் சம்பளம் இருந்த இடத்தில் நிற்காது, அரிசி பருப்புக் கணக்கில் குறைந்துவிடும். மில் தொழிலாளர்கள் இதைப் பஞ்சப்படி என்பார்கள். அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. விலைவாசி எல்லோருக்கும்தான் ஏறுகிறது என்றால், ஒரு சிலருக்கு மட்டும் அதற்கு ஈடு இருப்பதில் விசித்திரமானது எது? அது அவர்களுக்கு இருப்பதா, மற்றவர்களுக்கு இல்லாததா?

ஓய்வூதியக் கதையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1979 மார்ச் 31 என்று ஒரு தேதியை வைத்து, அதற்குப் பின் ஓய்வு பெறுவோருக்கு மட்டும் மேம்பட்ட ஓய்வூதியக் கணக்கு என்று மத்திய அரசு சொன்னது. அதை எதிர்த்த நகரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் கிடையாது, செய்த வேலைக்கான உரிமை. ஒரே வகையைச் சேர்ந்தவர்களை வெறும் ஒரு தேதியால் இரண்டாகப் பிரிப்பது செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். டிசம்பர் 17 இன்றும் ஓய்வூதியர் தினம்.

அடுத்த கோடு 2003-இல் விழுந்தது. ஓய்வூதியப் பலன்களில் கைவைத்ததை எதிர்த்து அந்த ஜூலையில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரச் சட்டத்தின் மூலம், விசாரணை எதுவும் இல்லாமல், சுமார் 1.7 லட்சம் பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அற நியாயமும் இல்லை என்றது. அதே தேதியிட்ட நிதித்துறை அரசாணை எண் 259, 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்புத் திட்டம்தான் என்றது. அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் பிடித்தம். அரசு தன் பங்காக அதே அளவு போட்டது. கடைசியில் மாதாமாதம் இவ்வளவு வரும் என்ற உறுதி அந்தத் திட்டத்தில் இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரே அலுவலகத்தில், ஒரே டீயைக் குடித்துக்கொண்டு, ஒரே கோப்பை நகர்த்துகிற இரண்டு பேருடைய முதுமை வேறு வேறாகிவிட்டது.

"தெரிஞ்சுதானே சேர்ந்தாங்க? இஷ்டமில்லன்னா வேற வேலைக்குப் போயிருக்கலாமே?" என்று கேட்பார்கள். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான் என்ற இந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் ஏப்ரல் 1-க்கும் ஆகஸ்ட் 6-க்கும் நடுவில் சேர்ந்தவர் எதை ஒப்புக்கொண்டார்? அவர்களை விடுவோம். வேறு வழியில்லாதவர் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால், கொத்தடிமை பத்திரத்தில் விழுந்த கைநாட்டையும் சம்மதம் என்றே சொல்ல வேண்டியிருக்கும்.

"லஞ்சம் வாங்குறவனுக்கு எதுக்குப் பென்ஷன்?" என்றும் கேட்கிறார்கள். பட்டா மாற்றத்துக்கு அலைந்தவர் யாரும் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். அந்தக் கோபம் உண்மையானது. ஆனால் கடுமையான முறைகேடு நிரூபணமானால் ஓய்வூதியத்தை நிறுத்திவைக்க 1978-இன் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளிலேயே இடம் இருக்கிறது. தப்பு செய்தவனைப் பிடிக்கச் சோம்பல்பட்டு, ஒழுங்காக வேலை பார்த்த கிராம சுகாதாரச் செவிலியின் முதுமையையும் சேர்த்துத் தண்டிப்பது நியாயமாகாது.

மிச்சம் இருப்பது நிஜமான கஷ்டம்: பணம். சம்பளமும் ஓய்வூதியமும் மாநில வருவாயில் பெரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன, அது பொய்யில்லை. சுமையை யாராவது சுமக்கத்தான் வேண்டும். ஆனால் 2003-இல் பங்களிப்புத் திட்டம் யார் தலையில் ஏறியது என்று பாருங்கள். ஏற்கெனவே பணியில் இருந்து, சங்கம் வைத்து, கொடி பிடிக்கத் தெரிந்தவர்கள் பழைய ஓய்வூதியத்திலேயே இருந்தார்கள். அதை இழந்தது இனிமேல் வரப்போகிறவர்கள். அவர்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள், எதிர்த்துப் பேச அவர்களுக்குச் சங்கம் இல்லை. இன்னும் வந்து சேராதவரிடமிருந்து எடுப்பதுதான் எந்த அரசுக்கும் சுலபம்.

அதனால்தான் 2019 ஜனவரி வேலைநிறுத்தம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜாக்டோ-ஜியோவின் முதன்மைக் கோரிக்கை பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தை ரத்துசெய்ய வேண்டும் என்பது. அதில் நின்றவர்களில் ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களும் உண்டு. தங்கள் பென்ஷனுக்கு எந்த ஆபத்தும் இல்லாதவர்கள், பக்கத்து மேசைக்காக வந்தார்கள். சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களுக்குக் காலமுறை ஊதியம் வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. தனக்கு இருப்பது உரிமையா சலுகையா என்று ஒருவர் தன்னையே சோதித்துக்கொள்ள இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. அடுத்தவருக்கும் அதைக் கேட்க முடிந்தால் அது உரிமை. அடுத்தவருக்குக் கிடைத்துவிடுமோ என்ற பயம் வந்தால், அதை நாமே சலுகையாக்கிவிட்டோம்.

இந்த உரைகல்லில் எல்லா நாளும் தேறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2012-இல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது. ஓவியமோ தையலோ உடற்கல்வியோ சொல்லிக்கொடுத்த அவர்கள் உட்கார்ந்ததும் அதே ஆசிரியர் அறையில்தான். அகவிலைப்படி அரசாணை வந்த நாளில் அந்த அறையில் இனிப்பு கொடுத்திருப்பார்கள். அவர்களும் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். 2025 ஆகஸ்ட்டில் சென்னை மாநகராட்சியின் இரண்டு மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் கேட்டது ஒரு குமாஸ்தாவுக்கு இயல்பாகக் கிடைப்பதைத்தான்: இந்த வேலை நாளைக்கும் இருக்கும் என்ற உறுதி.

வெளியே நிற்கிறவர் "அவனுக்கு ஏன்?" என்று கேட்கிறார். உள்ளே இருப்பவர் "எங்களுக்கு வர வேண்டியது" என்கிறார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரை கோடு போட்டவர்களுக்குக் கவலை இல்லை. ஒரு காலத்தில் நிரந்தர வேலையும் முதுமைக்கு ஒரு வருமானமும் கோடி கோடியாகச் சொத்து சேர்க்கிற ஆசைகளின் பட்டியலில் இல்லை. சாதாரண மனிதரின் சாதாரண எதிர்பார்ப்பு அது. இன்று அதைப் பார்த்தால் நமக்குக் கண் கூசுகிறது என்றால், அவர்களுடைய வாழ்க்கை உயர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நமக்கென்று நாம் எதிர்பார்ப்பது அவ்வளவு தூரம் இறங்கிவிட்டது.

அடுத்த அறிவிப்பு வரும்போதும் கேள்வி எழும். எழட்டும். அதை "எனக்கும், எனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் ஏன் இல்லை?" என்று கேட்கப் பழகினால் போதும். உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து கேட்கக்கூடிய கேள்வி அது.