அடுப்படியில் ஓர் அமானிதம்

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகையும் குத்பாவும் முடிந்து, மஹல்லாவில் குர்பானி நடந்துகொண்டிருந்தது. நம் வீட்டு ஆட்டை அறுத்துக் கொடுக்க வந்த பாய், போட்டியைக் கழுவுவதற்காக இரைப்பையைக் கீறினார். கீறியவர் கை நின்றுவிட்டது. உள்ளே தீனியோடு தீனியாக, தேங்காய் அளவுக்குச் சுருண்டு கிடந்தது ஒரு பிளாஸ்டிக் உருண்டை. பிரித்துப் பார்த்தால் பைகள். மென்று கிழிந்தவை சில. வாய் முடிச்சு அவிழாமலே இருந்தவை சில. ஒன்றில் நம் தெருக் கடையின் பெயர் பாதி தெரிந்தது.

அந்த ஆடு வேற்றூர் ஆடன்று. பக்கத்துத் தெருவில் ஒரு ஏழைப் பெண்மணி வளர்த்தது. நம் வீதிகளில் மேய்ந்து வளர்ந்தது. வெளியே தெரியும் குறை ஏதும் அதனிடம் இல்லாததால் குர்பானியைப் பற்றி நமக்கு ஐயம் எழவில்லை. ஐயமெல்லாம் நம்மைப் பற்றியே எழுந்தது. அருகில் நின்ற நம் உம்மா, அந்த முடிச்சையே சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்கள்: "தம்பி, மீந்த சோத்தை நாமளும் இப்படித்தானே முடிஞ்சு வெளியே வைக்கிறோம்!"

நாம் பதில் சொல்லவில்லை. ஒளூச் செய்யும்போது தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று மிம்பரில் நின்று சொல்பவர்கள் நாம். அன்று மாலை நம் வீட்டு அடுப்படியில் எண்ணிப் பார்த்தோம். ஒரே வாரத்துக் கடைப்பைகள் ஒரு மூலை நிறையக் கிடந்தன.

உணவை உற்று நோக்குங்கள்

திருக்குர்ஆனின் எண்பதாவது அத்தியாயமாகிய சூரத்து அபஸவில், மனிதன் தன் உணவை உற்று நோக்க வேண்டும் என அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகிறான். மழையைப் பொழிவித்ததையும், பூமியைப் பிளந்ததையும், தானியத்தையும் திராட்சையையும் காய்கீரைகளையும் முளைக்கச் செய்ததையும் அடுத்தடுத்து எடுத்துக் கூறுகிறான். அவை நமக்கும் நம் கால்நடைகளுக்கும் பயனளிக்கவே என்று அந்தப் பேச்சை முடிக்கிறான். கவனித்தீர்களா? நம் உணவைப் பற்றிய பேச்சிலேயே ஆடு மாடுகளின் பங்கையும் சேர்த்துச் சொல்கிறான் இறைவன். அவற்றின் பங்கில் நாம் எதைக் கலந்து வைத்திருக்கிறோம்?

ஆடு வேண்டுமென்று பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை. மீந்த சோற்றையும் காய்த்தோலையும் பையிலிட்டு நாம் முடிச்சுப் போடுகிறோம். சோற்று வாசனை அதை இழுக்கிறது. முடிச்சை அவிழ்க்க அதற்குக் கையில்லை; பையோடு விழுங்குகிறது. விழுங்கியது செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிறு அடைத்துக்கொண்டு, தீனி இறங்காமல் மெலிந்து சாகிற கால்நடைகள் பல. பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவள் பூனையைக் கட்டினாள். நாம் தீனியைக் கட்டிவிட்டோம்.

நிலையான நன்மையும் நிலையான பாவமும்

மரணத்துக்குப் பின்னும் நன்மை வந்துகொண்டிருக்க ஸதக்கத்துல் ஜாரியா செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். கிணறு வெட்டுகிறோம், மரம் நடுகிறோம். இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். தீய வழியொன்றை ஏற்படுத்தியவருக்கு, அவ்வழியில் நடப்போரின் பாவத்திலும் பங்குண்டு என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் வந்துள்ளது. கடையிலிருந்து வீடு வருவதற்குள் வேலை முடிந்துவிடும் பை, நாம் கபுரில் அடங்கிய பிறகும் மண்ணில் கிடக்கும். மக்காது, துகள்துகளாய் உடைந்து நீரிலும் மண்ணிலும் கலக்கும். சாக்கடையை அடைத்து, மழைநாளில் நஜீஸான தண்ணீரைப் பள்ளிவாசலுக்குப் போகும் பாதையில் தேக்கும். கொளுத்தினாலோ நச்சுப்புகையாகி அண்டை வீட்டாரின் நெஞ்சை அடைக்கும். எவருடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவரல்லர் என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்ததை நாம் அறியாதவர்களா?

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. அப்படியானால் இடையூற்றைப் பாதையில் போடுவது எதன் கிளை?

தய்யிப் என்பது விலையா?

ஹலாலாகவும் தய்யிபாகவும் உள்ளதை உண்ணுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 168-ஆம் வசனத்தில் அல்லாஹ் மனிதகுலம் முழுவதையும் அழைக்கிறான். ஹலாலைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். தய்யிபைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி விளைந்த காய்கறியை நாடுவது நல்லதே. நம் தமிழகத்தில் கோ. நம்மாழ்வார் (1938-2013) அவர்கள் ஊர் ஊராக நடந்து அந்த விவசாயத்தை எடுத்துச் சொன்னார். ஆனால் இன்று சில கடைகளில் நடப்பதென்ன? நஞ்சில்லாக் காய் என்று சொல்லி, அதையே தெர்மோகோல் தட்டில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி விற்கிறார்கள். வயலில் விலக்கிய நஞ்சைக் கடையில் போர்த்தி வாங்குவதா?

"இயற்கைக் காய் விலை அதிகமாயிற்றே, ஏழைகள் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். சக்திக்கு மேல் எவரையும் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. கொல்லையில் ஒரு முருங்கை மரம், மாடியில் பழைய வாளியில் ஒரு பிடி அரைக்கீரை, கூரையில் ஒரு சுரைக்கொடி: இவற்றுக்கு மேலான இயற்கை விவசாயம் இல்லை. யூனுஸ் (அலை) அவர்கள் மீனின் வயிற்றிலிருந்து கரையேறியபோது அல்லாஹ் அவர்களுக்காக முளைப்பித்தது ஒரு கொடியையே. அது சுரைக்கொடி என்று விரிவுரையாளர்கள் பலர் கூறுவர். இறைவனின் உபகாரம் மலிவான காயிலும் வரும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் மறைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் எனக் கண்டித்தார்கள். சாதாரணக் காயை இயற்கைக் காய் என்று சொல்லிக் கூடுதல் விலை பெறுவதும் மூடி மறைத்த ஈரமேயாகும்.

கடைக்குப் புறப்படுமுன்

தமிழக அரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிற்று. நாடு முழுவதற்கும் குறிப்பிட்ட சில பொருள்கள் மீதான தடை 2022 ஜூலை 1-இல் வந்தது. தடை வந்தும் பை மறையவில்லை. ஏன்? கேட்கிற கை இருப்பதால் கொடுக்கிற கையும் இருக்கிறது.

ஆகவே கேட்கிற கையைத் திருத்துவோம். பழைய கைலியைக் கிழித்து நாலைந்து சிறு பைகளும் ஒரு பெரிய பையும் தைத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்கொன்று, வெங்காயத்துக்கொன்று, கீரைக்கொன்று. மீனுக்கும் இறைச்சிக்கும் மூடியுள்ள தூக்குச்சட்டி. எண்ணெய்க்குச் செக்கடிக்குப் பாட்டிலைக் கொண்டு போகலாம். பாத்திரத்தில் வாங்கும்போது முதலில் வெறும் பாத்திரத்தை நிறுத்து, அதன் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். அளவை நிறுவையில் இருதரப்பும் நஷ்டமடையக் கூடாது என்பதற்கு முதஃப்ஃபிஃபீன் அத்தியாயமே சாட்சி. நோன்புக் கஞ்சி வாங்கவும் பாத்திரத்தையே அனுப்புங்கள். கொதிக்கும் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, அதைக்கொண்டு இஃப்தார் செய்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

நம் குடும்பங்கள் பலவற்றில் கடைக்குப் போவது ஆண்கள். பையை மறப்பவர்களும் அவர்களே. நாமும் மறந்தோம். பின்னர் தொப்பி மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே பைக்கும் ஓர் ஆணி அடித்தோம். தொப்பியை எடுக்கும் கை இப்போது பையையும் எடுக்கிறது. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை ஒரேயடியாகத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். அதுவும் வீண்விரயமே. தேயும்வரை பயன்படுத்துங்கள், புதிதாக வாங்காதீர்கள்.

சட்டியில் இறங்கும் பரக்கத்

வாங்கி வந்த காயை அன்றன்றே சமைப்பதே சிறப்பு. கீரையை நறுக்கியபின் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். முதலில் மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நீரை வடியவிட்டுப் பிறகு நறுக்குங்கள். மருந்தடிக்காத கீரையில் புழு பூச்சி இருக்கக்கூடும். முகம் சுளிக்காமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து அகற்றுங்கள். வாயகன்ற இரும்புச்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வரமிளகாய், தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம். பீன்ஸும் கேரட்டும் முதலில். கோஸ் அதன் பிறகு. தீ நன்றாக எரியட்டும், சட்டியை நிரப்பாதீர்கள். உப்பை இறக்கும் தறுவாயில் போடுங்கள். முன்னதாகப் போட்டால் காய் நீர்விட்டு, வதங்குவதற்குப் பதிலாக வெந்து குழைந்துவிடும். முருங்கைக்கீரை வதக்கலில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

காய்கறி என்றாலே நம் வீடுகளில் சிலருக்கு இளக்காரம். ஒரு தையற்காரர் அளித்த விருந்தில், தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளை நாயகம் (ஸல்) அவர்கள் தேடித் தேடி எடுத்ததைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்றிலிருந்து தாமும் சுரைக்காயை விரும்பலானார்கள். கீழே விழுந்த கவளத்தைக்கூடத் துடைத்து உண்ணச் சொன்னவர்கள் நம் நபி. உணவின் எப்பகுதியில் பரக்கத் உள்ளது என்பதை நாம் அறியோம் என்றும் அறிவித்தார்கள். ஆகையால் பீர்க்கங்காய்த் தோல் துவையலாகட்டும். தண்டு ஆணத்துக்குப் போகட்டும். எஞ்சிய காம்பும் தோலும் ஆட்டுக்கு. முடிச்சில்லாமல், ஒரு பழைய சட்டியில்.

"ஊரே பையில் வாங்கும்போது நாம் ஒருவர் விட்டு என்ன ஆகப் போகிறது?" என்பது ஷைத்தானின் பழைய கேள்வி. மறுமையில் ஊரை நிறுத்தி விசாரிக்கும்போது, நம்மையும் தனியே நிறுத்தி விசாரிப்பான் இறைவன். மனிதர்களின் கரங்கள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் குழப்பம் தோன்றிவிட்டது என்று அர்ரூம் அத்தியாயத்தின் 41-ஆம் வசனம் கூறுகிறது. கரங்கள் என்றுதான் கூறுகிறது. அவற்றில் நம் கைகள் இரண்டு.

இன்றும் அந்தப் பெண்மணியின் ஆடுகள் அஸருக்குப் பின் நம் வாசலுக்கு வருகின்றன. உம்மா காய்த்தோல் சட்டியை எடுத்து வைக்கிறார்கள். அவை தின்று முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கிறார்கள்.

வல்ல அல்லாஹ் நம் உணவை ஹலாலானதாகவும் தய்யிபானதாகவும் ஆக்குவானாக! நாம் விட்டுச்செல்பவற்றால் அவனுடைய படைப்புகளுக்குத் தீங்கு நேராமல் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்!